வலியே தெரியாவிட்டால் என்ன ஆகும்? கொல்லிமலையில் வளர்ந்த டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளிடம் கண்டறிந்தது என்ன?

தொழுநோய் வந்தால் விரல்கள் அழுகி உதிர்ந்துவிடும். இன்றைக்கும் பலர் இப்படித்தான் நம்புகிறார்கள். 1940-களில் மருத்துவர்களில் பெரும்பாலோரும் இதையேதான் நம்பினார்கள். நோயாளியின் சதையே கெட்டுப்போன சதை, அதில் கத்தி வைத்தால் புண் ஆறாது என்பதுதான் அன்றைய பொதுக்கருத்து. அதனால் எந்த அறுவைச் சிகிச்சை நிபுணரும் அவர்களைத் தொட்டதில்லை.

அது தப்பு என்று நிரூபித்த ஆராய்ச்சி லண்டனிலோ நியூயார்க்கிலோ நடக்கவில்லை, நம்ம வேலூரில் நடந்தது. அதைச் செய்தவர் டாக்டர் பால் பிராண்ட். பெற்றோர் ஆங்கிலேயர்கள்தான். ஆனால் அவர் ஓடியாடி வளர்ந்தது எல்லாம் கொல்லிமலையில்.

மலையில் தொடங்கிய கதை

வேலூரிலிருந்து தென்மேற்கே பார்த்தால் ஜவ்வாது மலை. அதற்கும் தெற்கே போனால் சித்தேரி, கல்வராயன், பச்சைமலை, கொல்லிமலை என்று வரிசையாக மலைகள் வரும். இந்த மலைகளில் எல்லாம் வாழ்பவர்கள் மலையாளி என்று அழைக்கப்படும் பழங்குடி மக்கள். பெயரைப் பார்த்துக் கேரளத்துக்காரர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் வந்த பெயர் அது, பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியவர்கள் தங்கள் முன்னோர் என்று அவர்கள் சொல்வது வழக்கம்.

இந்த மக்களிடையே மதப்பணிக்காகவும் மருத்துவ உதவிக்காகவும் வந்தவர்கள் ஜெஸ்ஸி பிராண்ட், அவருடைய மனைவி எவலின். கொல்லிமலையில் ரோடு கிடையாது, ஆஸ்பத்திரி கிடையாது. மலேரியா மட்டும் தாராளம். ஜெஸ்ஸி முறையாகப் பட்டம் வாங்கிய மருத்துவர் இல்லை. லண்டனில் மதப்பணியாளர்களுக்கு நடத்தப்பட்ட ஒரு குறுகிய காலப் பயிற்சிதான் அவருடைய மருத்துவப் படிப்பு. தச்சு வேலை தெரியும், வீடு கட்டத் தெரியும். பல் பிடுங்குவது, கட்டியைக் கீறுவது, காலிலிருந்து நரம்புச் சிலந்திப் புழுவை இழுத்தெடுப்பது எல்லாம் அவர்தான் செய்தார்.

1914 ஜூலை 17-ஆம் தேதி பால் பிறந்தார். தங்கை கோனி. மலைப்பிள்ளைகளோடு மரமேறி, வெறுங்காலில் ஓடி, தமிழ் பேசி வளர்ந்தார்கள் இருவரும். அப்பா சிகிச்சை செய்வதைப் பார்த்துப் பார்த்து, சீழும் ரத்தமும் என்றாலே பாலுக்குக் குமட்டும். டாக்டர் தொழில் மட்டும் வேண்டவே வேண்டாம் என்று சின்ன வயதிலேயே முடிவு செய்துவிட்டார்.

அந்த நாட்களில் நடந்த ஒரு சம்பவம் அவர் மனதில் அப்படியே தங்கிவிட்டது. ஒருநாள் மூன்று பேர் வீட்டு வாசலுக்கு வந்து நின்றார்கள். மற்ற நோயாளிகளைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கும் அப்பா, அன்றைக்குக் கையுறை மாட்டிக்கொண்டு அவர்களின் புண்களுக்குக் கட்டுப் போட்டார். பிள்ளைகளை வீட்டுக்குள் போகச் சொல்லிவிட்டார்கள். அவர்கள் உட்கார்ந்த இடத்தில் விளையாடக்கூடாது என்று வேறு சொன்னார்கள். வந்த மூவரும் தொழுநோயாளிகள்.

ஒன்பது வயதில், 1923-ல், படிப்புக்காகப் பாலையும் கோனியையும் இங்கிலாந்தில் உறவினர் வீட்டில் விட்டுவிட்டுப் பெற்றோர் மலைக்குத் திரும்பினார்கள். அப்பாவை அதன் பிறகு பால் பார்க்கவே இல்லை. 1929-ல் ஜெஸ்ஸி மலேரியாவோடு சேர்ந்து வரும் கருநீர்க் காய்ச்சலில் இறந்துபோனார். வயது 44. தந்தி வந்து சேர்ந்த பிறகும், அவர் இறப்பதற்கு முன் எழுதிய கடிதங்கள் கப்பலில் வந்துகொண்டிருந்தன. மகனுக்கு அப்போது 14 வயது.

கொத்து வேலையிலிருந்து கத்திக்கு

அப்பாவைப் போலவே மலையில் போய் வீடு கட்டுவது, பள்ளிக்கூடம் கட்டுவது என்பதுதான் பாலின் திட்டம். பள்ளிப்படிப்பு முடிந்ததும் லண்டனில் கட்டட வேலைக்குச் சேர்ந்தார். நாலைந்து ஆண்டுகள் தச்சு, கொத்து, கல் செதுக்குதல் எல்லாம் கற்றுக்கொண்டார். பிறகு அப்பா படித்த அதே குறுகிய கால மருத்துவப் பயிற்சியில் சேர்ந்தபோதுதான் எல்லாம் மாறியது. ஒரு மருத்துவமனை வார்டில், ரத்தம் இழந்து வெளுத்துக் கிடந்த ஒரு பெண்ணுக்கு ரத்தம் ஏற்றினார்கள். பிணம் போலக் கிடந்தவரின் கன்னத்தில் நிறம் திரும்பி, கண் திறந்து, தண்ணீர் கேட்டதைப் பக்கத்தில் நின்று பார்த்தார் பால். ரத்தத்தைக் கண்டால் குமட்டிய பையனுக்கு அந்த ஒரு ராத்திரி போதுமானதாக இருந்தது.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் மருத்துவமனையில் மருத்துவம் படித்தார். உடன் படித்த மார்கரெட் பெர்ரியை 1943-ல் திருமணம் செய்துகொண்டார். போர்க்காலம் அது. ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டுக்கொண்டிருந்த லண்டனில், நொறுங்கிய கைகளையும் கால்களையும் தைத்துத் தைத்தே அறுவைச் சிகிச்சை நிபுணர் ஆனார். கை அறுவைச் சிகிச்சையில் அவருக்குத் தனி ஈடுபாடு வந்தது. அதில் தச்சனின் பங்கும் கொஞ்சம் இருந்திருக்க வேண்டும். எலும்பு, மூட்டு, தசைநாண் எல்லாவற்றையும் கம்பி, கப்பி, நெம்புகோல் கணக்கில் பார்க்கும் கண் அவருடையது.

1946 கடைசியில் வேலூரிலிருந்து அழைப்பு வந்தது. ஐடா ஸ்கடர் 1900-ல் சிறிய அளவில் தொடங்கிய மருத்துவமனை, பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாகி, அப்போது எம்.பி.பி.எஸ். கல்லூரியாக உயர்ந்துகொண்டிருந்த நேரம். அறுவைச் சிகிச்சை கற்பிக்க ஆள் தேவை. கூப்பிட்டவர் டாக்டர் ராபர்ட் காக்ரேன். தொழுநோய் மருத்துவத்தில் உலகமே அறிந்த பெயர் அது. ஓராண்டு மட்டும் இருந்து பார்க்கலாம் என்று வந்த பிராண்ட், 1966 வரை இருந்துவிட்டார். அடுத்த ஆண்டு குழந்தைகளோடு வந்து சேர்ந்த மார்கரெட், வேலூரில்தான் கண் மருத்துவரானார். தொழுநோயால் இமை மூடாமல் போய்ப் பார்வை இழப்பதைத் தடுக்கும் துறையில் பிற்பாடு அவருக்கும் பெரிய பெயர் கிடைத்தது.

செங்கல்பட்டில் ஒரு கைகுலுக்கல்

1947-ல் ஒருநாள் செங்கல்பட்டு அருகே திருமணியில் இருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனைக்குப் பிராண்டை அழைத்துப் போனார் காக்ரேன். தோலில் வரும் தேமல்கள், மருந்தால் அவை மறையும் விதம் இதையெல்லாம் காக்ரேன் விளக்கிக்கொண்டே நடந்தார். பிராண்டின் கண் மட்டும் நோயாளிகளின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தது. விரல்கள் உள்பக்கமாக வளைந்து, கொக்கி போல இறுகிப்போன கைகள். இதற்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். எலும்பு மருத்துவர் நீங்கள்தானே, நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்பதுபோலப் பதில் வந்தது. உலகம் முழுக்க லட்சக்கணக்கானவர்களுக்கு இருக்கும் ஊனம் அது. ஆனால் அதை ஆராய எலும்பு மருத்துவர் ஒருவர்கூட முன்வந்ததில்லை.

பிராண்ட் ஓர் இளைஞரின் வளைந்த கைக்குள் தன் கையை வைத்து, முடிந்த மட்டும் அழுத்திப் பிடிக்கச் சொன்னார். பலவீனமான பிடியை எதிர்பார்த்தவருக்கு வலி உயிர் போயிற்று. செத்துப்போன கை என்று எல்லோரும் நினைத்த கையில் அத்தனை பலம்!

அந்தப் பிடியில்தான் விஷயமே இருக்கிறது. விரலை மடக்கும் பெரிய தசைகள் முழங்கையை ஒட்டி, முன்கையில் இருக்கின்றன. அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. உள்ளங்கையில் இருக்கும் சின்னத் தசைகள் மட்டும்தான் செயலிழந்திருக்கின்றன. அப்படியானால் நல்ல தசைநாண் ஒன்றை எடுத்து, செயலிழந்த தசையின் வேலைக்கு மாற்றிவிட்டால் என்ன? இளம்பிள்ளை வாதத்துக்கும் விபத்துக் காயங்களுக்கும் இந்த முறை அப்போதே நடைமுறையில் இருந்தது. தொழுநோய்க்கு மட்டும் யாரும் முயன்றதில்லை.

உடனே கத்தியை எடுத்துவிடவில்லை பிராண்ட். நோய் மேலும் பரவி, மாற்றி வைக்கும் தசையும் நாளை செயலிழந்துவிட்டால்? அதனால் முதலில் ஏராளமான நோயாளிகளின் கைகால்களை ஒவ்வொரு தசையாகச் சோதித்துக் குறிப்பெடுத்தார்கள். எல்லோரிடமும் ஒரே ஒழுங்கு தெரிந்தது. சில தசைகள் எப்போதும் செயலிழக்கின்றன, சில எப்போதும் தப்பிக்கின்றன. இறந்துபோன ஒரு நோயாளியின் உடலைத் திறந்து நரம்புகளை அடி முதல் நுனி வரை பார்த்தபோது காரணமும் புரிந்தது. முழங்கைக்குப் பின்னால், மணிக்கட்டுக்குச் சற்று மேலே, முழங்காலின் பக்கவாட்டில், கணுக்காலில் என நரம்பு தோலுக்கு ரொம்பப் பக்கத்தில் ஓடும் இடங்களில்தான் அது வீங்கியிருந்தது. உடம்பின் குளிர்ச்சியான இடங்கள் அவை. தொழுநோய்க் கிருமிக்குச் சூடு பிடிக்காது. ஆழத்தில், உடல் சூட்டுக்குள் ஓடும் நரம்புகளையும் அவை இயக்கும் தசைகளையும் அது விட்டுவிடுகிறது. ஆக, எந்தத் தசையை நம்பி மாற்றலாம் என்பதற்கு வரைபடம் கிடைத்துவிட்டது.

1948-ல் முதல் அறுவைச் சிகிச்சைகள் நடந்தன. தொழுநோயாளியை வார்டில் சேர்த்தால் மற்றவர்கள் ஓடிவிடுவார்களோ என்ற தயக்கம் இருந்ததால், ஒதுக்குப்புறமான ஒரு சிறிய அறையில்தான் வேலை தொடங்கியது. அறுத்த இடம் எல்லோருக்கும் ஆறுவதைப் போலவே ஆறியது. கெட்ட சதை என்ற கதை அங்கேயே முடிந்தது. வாரக்கணக்கில் பயிற்சி கொடுத்த பிறகு விரல்கள் விரிந்தன, சோற்றைப் பிசைந்து உண்ண முடிந்தது. நம் ஊரில் கையால் சாப்பிட முடியாதவருக்குப் பந்தியில் இடம் கிடையாது என்பதை நினைத்துப் பார்த்தால்தான் இதன் அருமை புரியும். 1952-ல் லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸ் புகழ்பெற்ற ஹண்டேரியன் சொற்பொழிவுக்கு அவரை அழைத்தது. தலைப்பு, தொழுநோயில் கையைச் சீரமைப்பது.

கை நேராச்சு, பிழைப்பு போச்சு

வெளிநாட்டில் கைதட்டல் கிடைத்துக்கொண்டிருக்க, வேலூரில் வேறொரு சிக்கல் முளைத்தது. கை சரியாகி ஊருக்குப் போனவர்களில் சிலர் வாடிய முகத்தோடு திரும்பி வந்தார்கள். கை கோணலாக இருந்தவரை பிச்சையாவது கிடைத்தது. இப்போது கையைப் பார்த்து யாரும் இரங்குவதில்லை, தொழுநோயாளி என்று தெரிந்ததால் வேலையும் கொடுப்பதில்லை. நல்லது செய்யப்போய் அவர்களின் ஒரே வருமானத்தையும் கெடுத்துவிட்டோமே என்று பிராண்டுக்கு உறுத்தியது.

அதிலிருந்து பிறந்ததுதான் நவஜீவ நிலையம். பாகாயத்தில் கல்லூரி வளாகத்தை ஒட்டி, கிராமம் போலவே எளிய குடிசைகளும் ஒரு தச்சுப் பட்டறையுமாகத் தொடங்கியது. வசதியான விடுதியில் இருந்து பழகிவிட்டால் ஊரில் போய் வாழ முடியாது என்பதால் வேண்டுமென்றே அப்படிக் கட்டினார்கள். அறுவைச் சிகிச்சை முடிந்தவர்கள் அங்கே மரப் பொம்மைகள் செய்யக் கற்றார்கள். கற்றுக்கொடுத்தவர்களில் ஒருவர் லண்டனில் உளி பிடித்துப் பழகிய அதே பிராண்ட்தான்.

பிராண்டின் மிகப் பெரிய கண்டுபிடிப்பு இந்தப் பட்டறையில்தான் நடந்தது என்று சொல்லலாம். அறுவைச் சிகிச்சை அரங்கில் நடந்ததைவிட இதற்கே எடை அதிகம்.

விரல்கள் எங்கே போகின்றன?

நோய்க்கிருமி மருந்தால் அடங்கிவிட்ட பிறகும், சிகிச்சை முடிந்து நன்றாக இருந்த கைகளில் விரல் குட்டையாகிக்கொண்டே போனது. கிருமி இல்லை, சதையும் ஆரோக்கியமானது. அப்புறம் ஏன்?

ஒருநாள் சாமான் அறையின் துருப்பிடித்த பூட்டைத் திறக்கப் பிராண்ட் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். சாவி அசையவில்லை. பத்து வயதுப் பையன் ஒருவன் வந்து, வாங்கித் திருப்பினான். பூட்டு திறந்துகொண்டது. இத்தனை பலம் எங்கிருந்து வந்தது என்று வியந்தவர் தரையில் ரத்தச் சொட்டைப் பார்த்தார். பையனின் விரலைச் சாவி எலும்பு வரை கிழித்திருந்தது. அவனுக்கு அது தெரியவே இல்லை.

அதன்பின் ஒவ்வொருவரின் கையையும் தினமும் பரிசோதித்து, எந்தக் கொப்புளம், எந்தக் கீறல், எதனால் வந்தது என்று துப்பறிய ஆரம்பித்தார்கள். சுத்தியல் பிடியின் விளிம்பு கூராக இருந்தது ஒரு காரணம். சூடான பாத்திரத்தை வெறுங்கையால் தூக்கியது இன்னொன்று. ராத்திரி விளக்கில் படித்துக்கொண்டிருந்தவர் சூடான கண்ணாடியில் கை பட்டதை அறியாமலே இருந்தார். எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் ஒரு புதிர் மிஞ்சியது. இரவு படுக்கப் போகும்போது இருந்த விரல் நுனி, காலையில் இல்லை. கடைசியில் ஒருவர் கண்விழித்துக் காவல் இருந்து பார்த்தார். எலி! தூங்குபவரின் விரலை எலி சாவகாசமாகக் கடித்துத் தின்கிறது. அவர் புரண்டுகூடப் படுக்கவில்லை. அதன் பிறகு ஊருக்குத் திரும்பும் ஒவ்வொரு நோயாளிக்கும் மருந்தோடு சேர்த்து ஒரு பூனையும் கொடுத்து அனுப்பினார்கள்.

விரல் தானாக உதிர்வதில்லை. வலி தெரியாததால் காயமாகி, காயம் கவனிக்கப்படாததால் சீழ்ப்பிடித்து, எலும்பு கரைந்து போகிறது. இதைத் தடுக்க முடியும். நூற்றாண்டுகளாக இந்த நோயைச் சுற்றியிருந்த சாபம், பாவம் என்ற பேச்சுக்கெல்லாம் எளிய பதில் இதுதான்.

வலி தெரியாத நிலை எப்படி இருக்கும் என்பதைப் பிராண்டே ஓர் இரவு முழுக்க அனுபவித்தார். இங்கிலாந்தில் நெடுந்தூர ரயில் பயணம் முடிந்து, காய்ச்சலோடு அறைக்கு வந்து சாக்ஸைக் கழற்றியபோது குதிகாலில் உணர்ச்சியே இல்லை. ஊசியால் குத்திப் பார்த்தார், தெரியவில்லை. தனக்கும் தொழுநோய் வந்துவிட்டது என்றே முடிவு செய்துவிட்டார். மனைவி, குழந்தைகள், வேலை எல்லாவற்றையும் எப்படிப் பிரிவது என்று விடிய விடிய யோசித்தார். காலையில் மறுபடி ஊசியை எடுத்துக் குத்தினார். வலியில் கத்திவிட்டார். ரயிலில் ஒரே நிலையில் உட்கார்ந்து வந்ததில் நரம்பு அழுந்தி மரத்துப்போயிருந்தது, அவ்வளவுதான். வலி வந்ததற்காக வாழ்நாளில் அத்தனை சந்தோஷப்பட்டதில்லை என்று பிற்பாடு பலமுறை எழுதியிருக்கிறார்.

காலில் இருக்கும் புண் சிறுநீரகத்தை எப்படிக் கெடுக்கிறது?

கையைவிடக் கால்தான் அவரை அதிகம் படுத்தியது. நமக்கெல்லாம் கொஞ்சம் தூரம் நடந்தால் பாதத்தில் ஓர் இடம் வலிக்கும். நமக்கே தெரியாமல் எடையை வேறு பக்கம் மாற்றி நடப்போம். உணர்ச்சியில்லாத பாதம் அப்படி மாற்றுவதில்லை. ஒரே இடம் திரும்பத் திரும்ப அழுந்தி, உள்ளே கன்றி, பிறகு வெடித்துப் புண்ணாகும். அந்தப் புண்ணோடும் நொண்டாமல் நடப்பார்கள். அதனால்தான் ஆண்டுக்கணக்கில் ஆறுவதில்லை.

புண் காலோடு நின்றுவிட்டால் பரவாயில்லை. உடம்பில் எங்கேயாவது அழற்சி நீடித்தால் கல்லீரல் ஒருவகைப் புரதத்தை வழக்கத்தைவிடப் பல மடங்கு அதிகமாக உற்பத்தி செய்து ரத்தத்தில் விடும். சில நாள் என்றால் அது தற்காப்பு. ஆண்டுக்கணக்கில் ஓடினால், அந்தப் புரதத்தின் துண்டுகள் தவறாக மடிந்து, ஒன்றோடொன்று ஒட்டி, கரையாத இழைகளாகிச் சிறுநீரகம், மண்ணீரல், கல்லீரலில் படியத் தொடங்கும். இதற்குப் பெயர் அமிலாய்டோசிஸ். 1854-ல் ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ஷோ, அயோடின் பட்டதும் மாவுச்சத்து போல நிறம் மாறியதால் மாவு என்ற பொருள் தரும் பெயரை இதற்கு வைத்தார். சில ஆண்டுகளிலேயே இது மாவல்ல, புரதம் என்று தெரிந்துவிட்டது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

அமிலாய்டில் பல வகை உண்டு. ரத்தப் புற்றுநோயை ஒத்த கோளாறால் வருவது, பரம்பரையாக வருவது, முதுமையில் இதயத்தில் படிவது எல்லாம் வேறு வேறு. நாள்பட்ட காசநோய், மூட்டு அழற்சி, தொழுநோய் ஆகியவற்றின் பின்னால் வருவது மேலே சொன்ன அழற்சி வகை. காலும் முகமும் வீங்கும், சிறுநீரில் புரதம் வெளியேறும், முற்றினால் சிறுநீரகம் செயலிழக்கும். வயிற்றுத் தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பையோ, பாதிக்கப்பட்ட உறுப்பையோ துளியளவு எடுத்து, காங்கோ ரெட் என்ற சாயமேற்றி, தனி ஒளியமைப்புள்ள நுண்ணோக்கியில் பார்த்தால் ஆப்பிள் பச்சையில் மின்னும். உறுதி செய்ய இன்றும் அதுதான் வழி.

தொழுநோயாளிகளில் இதற்கு இரண்டு பாதைகள். ஒன்று, நோயின்போது அவ்வப்போது பொங்கிவரும் அழற்சி எதிர்வினைகள். இன்னொன்று, ஆறாத கால் புண். பிராண்ட் அமிலாய்டு ஆராய்ச்சியாளர் அல்லர். ஆனால் இந்த வகை அமிலாய்டுக்கு அடிப்படைச் சிகிச்சை, அழற்சியின் ஊற்றை அடைப்பதுதான். படிந்ததைச் சுரண்டி எடுக்க வழியில்லை, மேலும் படியாமல் தடுக்கலாம். அந்த வகையில் பார்த்தால், கால் புண்ணை ஆற்றிய ஒவ்வொரு செருப்பும் சிறுநீரகத்துக்கான மருந்தும்தான்.

ஆமாம், செருப்பு. வேலூரை அடுத்த கரிகிரியில் 1955-ல் தொடங்கப்பட்ட ஷீஃப்லின் தொழுநோய் ஆராய்ச்சி நிலையமும் வேலூர் மருத்துவமனையும் சேர்ந்து, எந்த ரப்பர் ரொம்ப மெத்தென்று இருக்கும், எது சீக்கிரம் அழுந்திப்போகும் என்று ஆண்டுக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். நுண்ணிய காற்றறைகள் கொண்ட எம்.சி.ஆர். ரப்பர் செருப்பு அதிலிருந்து வந்தது. புண் உள்ள காலை, நடக்கக்கூடிய மாவுக்கட்டுக்குள் முழுசாக மூடி, எடையைப் பாதம் முழுக்கப் பரப்பினால் ஆறிவிடுகிறது என்பதையும் இங்கே பார்த்தார்கள். ஆயின்மென்ட் மாற்றி மாற்றிப் போட்டு ஆறாத புண், காலுக்கு ஓய்வு கொடுத்ததும் ஆறியது.

பிராண்டைப் பற்றிய புத்தகங்களைப் படித்தால், எல்லாவற்றையும் தனி ஆளாகச் செய்தவர் போன்ற எண்ணம் வரும். அது சரியல்ல. செருப்பு தைத்தவர்கள், மாவுக்கட்டுப் போட்டவர்கள், பிசியோதெரபி கொடுத்தவர்கள் பலர். தன் கையை முதன்முதலில் கத்திக்கு நீட்டிய நோயாளிகள் எடுத்த ரிஸ்க் யாருக்கும் குறைந்ததல்ல. டாக்டர் எர்னஸ்ட் ஃப்ரிட்ஷி பிறகு கரிகிரியை வழிநடத்தினார். கேரளத்தைச் சேர்ந்த டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தபோது, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்யலாம் என்று ஊக்கப்படுத்தியவர் பிராண்ட். செய்து காட்டியவர் மேரி. பிறகு நியூயார்க் போய்ப் பயிற்சி பெற்றுவந்து, வேலூரில் மறுவாழ்வு மருத்துவத் துறையையே உருவாக்கினார். 1972-ல் பத்மஸ்ரீ பெற்றார்.

அமெரிக்காவில் சர்க்கரை நோயாளிகளின் கால்

1960-ல் லாஸ்கர் விருது, அடுத்த ஆண்டு பிரிட்டிஷ் அரசின் சி.பி.இ. விருது. 1966-ல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் கார்வில் என்ற இடத்தில் இருந்த அரசுத் தொழுநோய் மருத்துவமனைக்கு மறுவாழ்வுப் பிரிவின் தலைவராகப் போனார். ஆறு பிள்ளைகளின் படிப்பு ஒருபுறம். இன்னொருபுறம், வேலூரில் கைக்கணக்கில் பார்த்ததை அங்கே கருவிகளால் அளக்கலாம் என்ற ஆசை. அந்த மருத்துவமனையிலும் பழைய நோயாளிகள் பலரைக் கடைசியில் சிறுநீரக அமிலாய்டு தாக்கியது முன்பே பதிவாகியிருந்தது.

எலிகளின் பாதத்தில் மிதமான அழுத்தத்தை ஆயிரக்கணக்கான முறை கொடுத்துப் பார்த்தார்கள். ஒரே அடியில் சேதம் செய்யாத சின்ன அழுத்தம், திரும்பத் திரும்ப விழும்போது திசுவை உடைக்கிறது என்பது உறுதியானது. அழுத்தம் அதிகமாகும் இடத்தில் சாயம் உடைந்து காட்டும் சாக்ஸ் செய்தார்கள். புண்ணாகப்போகும் இடம் முன்கூட்டியே சூடாவதை வெப்பப் படத்தில் பார்த்தார்கள்.

இவற்றில் துணிச்சலானது செயற்கை வலி. கையுறையிலும் காலுறையிலும் அழுத்த உணரிகளை வைத்து, ஆபத்து வந்தால் காதில் ஒலி கேட்கும்படி செய்தார்கள். நோயாளிகள் ஒலியைக் கண்டுகொள்ளவில்லை. சரி என்று, உணர்ச்சியுள்ள வேறோர் இடத்தில் லேசான மின் அதிர்ச்சி கொடுத்தார்கள். அப்போது என்ன நடந்தது தெரியுமா? அதிர்ச்சி வரும் வேலையைச் செய்யும் முன் சுவிட்சை அணைத்துவிட்டு, வேலை முடிந்ததும் மறுபடி போட்டுக்கொண்டார்கள். பல ஆண்டு உழைப்பும் பெரும் பணமும் செலவான பிறகு திட்டத்தைக் கைவிட்டார் பிராண்ட். அணைக்க முடியாததாக இருப்பதால்தான் வலி நம்மைக் காப்பாற்றுகிறது என்பதை அந்தத் தோல்வி காட்டியது. 1993-ல் எழுத்தாளர் ஃபிலிப் யான்சியோடு சேர்ந்து எழுதிய, வலியைப் பற்றிய புத்தகத்தில் இதை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்.

கார்வில்லில் கிடைத்த இன்னொரு பலன் எதிர்பாராதது. நீண்டகால சர்க்கரை நோயிலும் கால் நரம்புகள் மரத்துப்போகின்றன. அவர்களின் பாதப் புண்களைப் பார்த்ததும் பிராண்டுக்குப் பழகிய முகத்தைப் பார்த்தது போல இருந்தது. ரத்த ஓட்டம் கெட்டதால்தான் புண் என்று சொல்லி, காலை வெட்டுவதுதான் அப்போதைய வழக்கம். பலருக்கு ரத்த ஓட்டம் நன்றாகவே இருக்கிறது, வலி தெரியாததுதான் காரணம் என்றார் இவர். தொழுநோயாளிகளுக்குச் செய்த அதே மாவுக்கட்டு, அதே மென்மையான செருப்பு, தினமும் பாதத்தைப் பார்க்கும் அதே பழக்கம் சர்க்கரை நோயாளிகளுக்கும் போயிற்று. டாக்டர்களிடம் அவர் திரும்பத் திரும்ப வற்புறுத்தியது ஒன்றே: சர்க்கரை நோயாளி வந்தால் ஷூவையும் சாக்ஸையும் கழற்றச் சொல்லிப் பாதத்தைப் பாருங்கள். இன்று சென்னையிலும் மதுரையிலும் பாதப் பராமரிப்புக்கெனத் தனி கிளினிக்குகள் இருக்கின்றன. அங்கே போடப்படும் மாவுக்கட்டின் பின்னால் வேலூரின் தொழுநோய் வார்டு இருக்கிறது.

தொழுநோய் இன்னும் இருக்கிறதா?

இருக்கிறது. 1982-ல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சைக்குப் பிறகு 6 முதல் 12 மாதங்களில் முழுமையாகக் குணப்படுத்த முடிகிறது. பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் கீழே என்ற இலக்கை 2005 இறுதியில் இந்தியா எட்டியது. ஆனாலும் உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டறியப்படுபவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியாவில்தான் இருக்கிறார்கள். தோலில் உணர்ச்சியற்ற, வெளிறிய அல்லது சிவந்த தேமல் இருந்தால் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகப் பரிசோதிக்கலாம், மாத்திரையும் இலவசம். தாமதித்தால் கிருமியை மருந்து கொன்றுவிடும், போன நரம்பு மட்டும் திரும்பாது. கால் மரத்துப்போனவர்களுக்கு ஆறாத புண், வீக்கம், நுரைத்த சிறுநீர் இருந்தால் சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

பிராண்ட் 1986-ல் ஓய்வு பெற்று சியாட்டில் நகரில் குடியேறினார். கீழே விழுந்ததில் மூளையில் ரத்தம் உறைந்து, 2003 ஜூலை 8-ஆம் தேதி காலமானார். 89 வயது முடிய ஒன்பது நாள் பாக்கி இருந்தது.

அவருடைய தாய் எவலின் கதை தனி. வயதாகிவிட்டது என்று மதப்பணி அமைப்பு ஓய்வு கொடுத்த பிறகு, சொந்தப் பொறுப்பில் மறுபடி மலையேறிவிட்டார். மட்டக்குதிரையில் ஏறி, கீழே விழுந்து எலும்பை முறித்துக்கொண்டு, மூங்கில் கம்புகளை ஊன்றியபடி கல்வராயன், பச்சைமலை, சித்தேரி என்று மலைமலையாகச் சுற்றினார். இறங்கி வாருங்கள் என்று டாக்டர் மகன் சொன்னபோதெல்லாம் மறுத்துவிட்டார். 1974-ல், 95-வது வயதில் இறந்தார். கொல்லிமலையில் கணவர் ஜெஸ்ஸியின் கல்லறைக்குப் பக்கத்தில் அவரை அடக்கம் செய்தார்கள்.